தாய்மொழியில் கதவு திறந்த ஆலே

(ஓசூரில் தமிழன்பர்கள் கூடிய திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  வேலை முடிந்த கையோடு, எண்ணெய்க் கறை படிந்த உடையை மாற்றவும் பொழுதின்றி வந்தமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! 

அழைப்பிதழில் என் பேச்சின் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், "நீரோ தமிழாசிரியர். செருமானியப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச உமக்கென்ன வேலை?" என்று வழியிலேயே மடக்கினார். வேலை இருக்கிறது, அன்பர்களே! அந்தப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இளைஞர் ஒருவர் ஏறத்தாழ 300 ஆண்டுகட்கு முன் நம் தரங்கம்பாடியில் வந்திறங்கி, சிறுவர்களோடு மணலில் அமர்ந்து அகரம் எழுதிப் பழகினார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் அந்தப் பல்கலைக்கழக ஊரில்தான் அச்சேறியது. நம் வீட்டுக் கதையில் ஒரு பகுதி அவர்கள் வீட்டுப் பேழையில் இருக்கிறது. அதைக் கேட்டறிய நமக்கு உரிமை உண்டு.

அதனினும் பெரிய கரணியம் ஒன்றுண்டு. இந்த ஓசூரில் வைகாசித் திங்கள் வந்தால் வீட்டுக்கு வீடு எழுகின்ற வினா ஒன்றே: "பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்த்தால் மேற்படிப்புக்கு உதவுமா? தமிழில் படித்தவனுக்குத் தொழிலகத்தில் இடமுண்டா?" இதே வினா செருமானிய நாட்டிலும் ஒருகால் எழுந்தது. அங்கு அதற்கு விடை சொன்ன இடம் ஆலே என்னும் ஊர். அந்த விடையை உங்கள் முன் வைக்கவே வந்தேன்.

சாலே ஆற்றங்கரையில் உள்ள ஊர் ஆலே. பழங்காலந்தொட்டு உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுத்து விற்ற ஊர். உழைப்பாளர் ஊர். பின்னாளில் அதனைச் சுற்றி வேதித் தொழிலகங்கள் எழுந்தன. நம் ஓசூரைப் போன்றதோர் ஊர் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்நாளைய நிலையைக் கேளுங்கள். செருமானியப் பல்கலைக்கழகங்களில் பாடம் இலத்தீனில் நடந்தது. தேர்வு இலத்தீனில் நடந்தது. அரண்மனைகளில் பிரெஞ்சு மொழி பேசுவதே பெருமை. மக்கள் பேசிய செருமானிய மொழியோ சந்தைக்கும் சமையலறைக்கும் போதும், சட்டத்தையும் மெய்யியலையும் அது தாங்காது என்பது கற்றோர் பலர் எண்ணம். இதைக் கேட்கும்போது எங்கேயோ கேட்ட பேச்சாகத் தோன்றவில்லையா உங்களுக்கு?

1687-ஆம் ஆண்டு. இலைப்சிக்குப் பல்கலைக்கழகத்தில் கிறித்தியான் தொமாசியசு என்னும் சட்ட ஆசிரியர் ஒரு துணிவான செயலைச் செய்தார். தம் விரிவுரையைச் செருமானிய மொழியில் நடத்தப் போவதாக அறிவித்தார். அந்த அறிவிப்பையும் செருமானிய மொழியிலேயே எழுதி வெளியிட்டார். அவருக்கு அப்போது அகவை 32.

அந்த அறிவிப்பில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? பிரெஞ்சுக்காரரைச் செருமானியர் எவ்வகையில் பின்பற்ற வேண்டும் என்பது. பிரெஞ்சுக்காரரின் உடையையும் நடையையும் பின்பற்றித் திரிந்தோர் மலிந்த நாட்டில் அவர் சொன்ன கருத்து இது: பிரெஞ்சுக்காரரிடம் பின்பற்றத்தக்கது ஒன்றுண்டு, அவர்கள் அறிவுநூல்களைத் தம் தாய்மொழியில் எழுதிப் பயில்கிறார்களே, அதனைப் பின்பற்றுங்கள்! அன்பர்களே, இதனை நம் மொழியில் பெயர்த்துச் சொன்னால் எப்படி இருக்கும்? "ஆங்கிலேயரைப் பின்பற்ற வேண்டுமா? நன்று. அவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அவர்களைப் போல் நீங்களும் உங்கள் மொழியில் படியுங்கள்!" பிற மொழியைப் பழித்து ஒரு சொல்லும் இல்லை, தன் மொழியைத் தாழ்த்தியும் ஒரு சொல் இல்லை. இதனினும் செம்மையான மொழிக்கொள்கை உண்டோ?

மறு ஆண்டிலேயே அவர் செருமானிய மொழியில் திங்களிதழ் ஒன்றைத் தொடங்கினார். நூல்களை ஆராய்ந்து, பழமைவாதிகளை எள்ளி நகையாடிய இதழ் அது. பகை பெருகியது. 1690-இல் அவர் இலைப்சிக்கில் விரிவுரை நடத்தவும் எழுதவும் தடை வந்தது. பிறந்த ஊரை விட்டு வெளியேறினார். அவரை ஏற்றுக்கொண்ட ஊர் ஆலே. அங்கே அவர் பாடம் சொல்லத் தொடங்கினார். மாணவர் அவரைத் தேடி வந்தனர். அவரைச் சுற்றித் திரண்ட கல்விக்கூட்டமே கருவாகி, பிராண்டன்பர்கு நாட்டின் கோமான் மூன்றாம் பிரீட்ரிக்கு 1694-ஆம் ஆண்டு அங்கே பல்கலைக்கழகத்தைத் தொடங்கி வைத்தார். எண்ணிப் பாருங்கள்! தாய்மொழியில் பாடம் சொன்ன அவர், ஓரூரில் துரத்தப்பட்டு, அடுத்த ஊரில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே அடிக்கல்லானார்.

அக்கல்விக்கூடத்தில் எல்லாம் ஒரே நாளில் செருமானிய மொழிக்கு மாறிவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். இலத்தீன் நெடுங்காலம் உடனிருந்தது. கதவு திறந்ததுதான் செய்தி. அந்தக் கதவின் வழியே வேறு பலவும் உள்ளே வந்தன. தொமாசியசு 1701-இல் சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை எரிக்கும் கொடுமையை எதிர்த்து எழுதினார். குற்றம் ஒப்புக்கொள்ள வைக்கத் துன்புறுத்துவதைக் கண்டித்து 1705-இல் அவர் கண்காணிப்பில் ஆய்வுரை வெளிவந்தது. மக்கள் மொழியில் சிந்தித்தவர்க்கு மக்கள் துன்பமும் தெரிந்தது.

அடுத்து, நம்மைப் போன்ற சொல்லாக்கப் பணியாளர் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஒருவரைச் சொல்கிறேன். கிறித்தியான் வோல்பு என்பது அவர் பெயர். கணக்கியல் பேராசிரியராக ஆலேயில் சேர்ந்தவர். 1710-இல் கணக்கியல் துறைகள் அனைத்துக்கும் அடிப்படை நூலைச் செருமானிய மொழியில் நான்கு பகுதிகளாக எழுதினார். 1716-இல் கணக்கியலுக்குச் சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். அளவையியல், மெய்யியல், அறவியல் என்று அடுத்தடுத்துத் தாய்மொழியில் நூல் செய்தார்.

அவர் கையாண்ட முறையைக் கவனியுங்கள். ஒரு கருத்துக்கு ஒரு சொல். அச்சொல்லுக்குத் தெளிவான வரையறை. நூல் முழுதும் அதே பொருளில் அதே சொல். மக்கள் வழக்கில் இருந்த சொற்களையே எடுத்துக் கூர்தீட்டினார். அவருடைய மெய்யியல் நூலின் கடைசியில் ஒரு பட்டியல் உண்டு. செருமானியக் கலைச்சொல்லுக்கு நேரான இலத்தீன் சொல் அதில் தரப்பட்டிருக்கும். ஐயுற்றவன் அங்கே பார்த்துக்கொள்ளலாம்; பாடத்தின் நடுவே இடறி விழ வேண்டியதில்லை. இன்று உலகம் மதிக்கும் செருமானிய மெய்யியலின் அடிப்படைச் சொற்கள் பல, அந்தக் கணக்காசிரியர் பட்டறையில் உருவானவை. அல்லது அங்கே உரம் பெற்றவை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செருமானிய மொழியில் அத்தனையும் எழுதி முடித்தபின், ஐரோப்பா முழுதும் தம்மைப் படிக்க வேண்டும் என்பதற்காக வோல்பு இலத்தீனிலும் பெருநூல்கள் எழுதினார். "அப்படியானால் ஆங்கிலமே வேண்டாவா?" என்று நம்மிடம் கேட்போர்க்கு இதுவே விடை. முதலில் வீட்டை உன் மண்ணில் கட்டு; பிறகு வெளியூர்க்குச் சாலை போடு. வீடே இல்லாதவன் சாலை ஓரத்தில் அன்றோ படுத்திருப்பான்?

அவருக்கும் துன்பம் வந்தது. 1721-இல் சீன நாட்டு அறவியலைப் பற்றி அவர் ஓர் உரை நிகழ்த்தினார். கிறித்தவ நெறியை அறியாத சீனரும் அறிவின் துணையால் உயர்ந்த அறநெறியைக் கண்டிருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. அதே பல்கலைக்கழகத்தின் இறையியலார் சினந்தனர். 1723-இல் புருசிய அரசன் ஆணையிட்டான்: 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேறு, தவறினால் தூக்கு! வோல்பு வெளியேறினார். 17 ஆண்டுகள் கழித்து, 1740-இல் புதிய அரசன் இரண்டாம் பிரீட்ரிக்கு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டான். நல்ல பல்கலைக்கழகத்திலும் குறுகிய உள்ளங்கள் இருந்தன. அந்தக் குறுக்கத்தை வென்று உயர்ந்ததே அதன் பெருமை.

அப்பெருமையை வேறு துறைகளிலும் காணலாம். 1717-லேயே மருத்துவ மாணவரை நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்று கற்பிக்கும் முறையைத் தொடங்கிய ஊர் அது. இன்றைய கானா நாட்டுப் பகுதியில் பிறந்து, சிறுவனாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்ட கறுப்பினத்தவரான அந்தோன் வில்லெம் ஆமோ, 1727-இல் அங்கே மாணவராகச் சேர்ந்தார். ஐரோப்பாவில் கறுப்பின மக்களுக்குள்ள உரிமை பற்றி 1729-இல் ஆய்வுரை வழங்கினார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். செருமானிய நாட்டிலேயே முதன்முதலாக மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற பெண்மணி தொரோத்தேயா எர்க்கிசுலேபன் அப்பட்டத்தைப் பெற்றது 1754-இல், ஆலேயில். தாய்மார்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இலத்தீனில் எழுதிய தம் ஆய்வுரையை அவ்வம்மையார் மறு ஆண்டே தாய்மொழியிலும் வெளியிட்டார்.

1806-இல் நெப்போலியன் அப்பல்கலைக்கழகத்தை மூடினான். மீண்டும் திறந்தது, மீண்டும் மூடப்பட்டது. 1817-இல், 1502-ஆம் ஆண்டிலேயே தோன்றிய விட்டன்பர்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மீண்டெழுந்தது. அதற்குள் அதன் கொள்கை வேறிடங்களிலும் வேர்விட்டிருந்தது. ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒருங்கே நடக்க வேண்டும் என்னும் கருத்தோடு 1810-இல் எழுந்த பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு ஆலேயிலிருந்து பேராசிரியர்கள் சென்றனர்.

பின்னாளைய அறிஞரையும் சிறிது சொல்கிறேன். முடிவிலி என்பதற்கும் அளவுண்டு, ஒரு முடிவிலி மற்றொன்றினும் பெரிதாகலாம் என்று காட்டி, கணக்கியலின் அடித்தளத்தையே மாற்றிய கியார்கு காண்டர், 1869 முதல் ஆலேயில் கற்பித்து 1918-இல் அவ்வூரிலேயே மறைந்தார். வேளாண்மைக்கெனத் தனித்துறை கண்ட யூலியசு கூன், 1878-இல் ஒரு வயலில் தொடங்கிய கூலப் பயிர் ஆய்வு இன்றளவும் தொடர்ந்து நடக்கிறது. ஓசூர்த் தொழிலாளரே, உங்கள் பொறிகளில் இடம்பெறும் நெகிழிப் பொருள்களைப் பாருங்கள். பெருமூலக்கூறு என்னும் கருத்தை நிலைநாட்டி 1953-இல் நோபல் பரிசு பெற்ற எர்மன் இசுடாடிங்கர் 1903-இல் முனைவரானது ஆலேயில். நெகிழி வேதியியலுக்காக 1963-இல் அப்பரிசைப் பெற்ற கார்ல் சீக்லர் அங்கே பேராசிரியராக இருந்தவர். சந்தைக்கு மட்டும் போதும் என்று எள்ளப்பட்ட மொழியில் பயின்ற அறிவு எங்கெல்லாம் சென்றது காண்மின்!

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஆலேப் பேராசிரியருள் ஒருவர் ஆகத்து எர்மன் பிராங்கே. ஏழைச் சிறுவர்க்கென 1695-இல் பள்ளி தொடங்கி, 1698-இல் ஆதரவற்றோர் இல்லத்துக்கு அடிக்கல் நாட்டியவர். அவர்தம் சூழலில் சிறிது காலம் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்கு, புளூச்சோ என்னும் தோழரோடு 1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர்களை அனுப்பியவன் தென்மார்க்கு அரசன். வந்த நோக்கம் சமயம் பரப்புதல். அதை மறைப்பதற்கில்லை, நாம் மழுப்பவும் வேண்டா. ஆனால், வந்தவர் முதலில் செய்த வேலை எது? திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்தார். அச்சிறுவரோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பல்கலைக்கழகத்தைக் கண்ட ஒருவர், அரிச்சுவடிப் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்தார்! நான் முப்பது ஆண்டுகளாகத் தமிழாசிரியன். இந்தக் காட்சியை எண்ணுந்தோறும் என் நெஞ்சு விம்மும்.

இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். அதில் 119 தமிழ் நூல்கள் இடம்பெற்றன; திருக்குறளும் உண்டு. அவ்வாண்டிலேயே, நம் பள்ளிப் பிள்ளைகள் ஓதிய கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். தமிழர் பலரிடம் வினாக்கள் கேட்டு அவர்கள் எழுதிய விடைமடல்களைச் செருமானியமாக்கி ஆலேக்கு அனுப்பினார். 99 மடல்கள் அங்கே அச்சாயின. ஆலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்தன. தமிழ் அச்சு அதற்கு முன்பே, 1578-இல் கொல்லத்தில் தொடங்கிவிட்டது. ஆனால் நின்றுபோன அச்சுத்தொழில் தரங்கம்பாடியில்தான் வேரூன்றியது. அந்த எழுத்துகள் பெரியனவாக இருந்து தாளை விழுங்கவே, சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் பொறையாற்றில் தாள் ஆலையும் எழுந்தது. 1716-இல் சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஆலேயில் அச்சேறியது. 1719-இல் அவர் தரங்கம்பாடியிலேயே மறைந்தார்.

நம் தெலுங்கு உடன்பிறந்தாரும் கேளுங்கள். சீகன்பால்குக்குப் பின் வந்த பெஞ்சமின் சுல்ட்சு ஆலேக்குத் திரும்பியபின் அங்கே தெலுங்கு நூல்களையும் அச்சிட்டார். அங்கே அவரிடம் தமிழ் கற்று 1750-இல் இங்கு வந்தவர்தான் தஞ்சை வரலாற்றில் இடம்பெற்ற சுவார்ட்சு. ஆலேயில் பயின்ற பெப்பிரிசியசு 1779-இல் வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்டார். அண்டையூரான இலைப்சிக்கில் இருந்த கார்ல் கிரவுல் 1856-இல் திருக்குறளைச் செருமானியத்தில் தந்தார். ஓசூருக்கு அப்பால் கன்னடம் வழங்கும் நாட்டிலும் கிட்டல் என்னும் செருமானியர் 1894-இல் கன்னட அகராதி கண்டார்.

இதிலும் ஒரு கசப்பு உண்டு. தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் சீகன்பால்கு 1713-இல் ஒரு பெருநூல் எழுதி ஆலேக்கு அனுப்பினார். அந்நெறியை அழிக்கச் சென்றவர் அதை அச்சிட்டுப் பரப்புவதா என்று கருதி, பிராங்கே அதனை வெளியிட மறுத்தார். அந்நூல் 1867-இல் சென்னையில்தான் அச்சேறியது. 154 ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது! வோல்பைத் துரத்திய அதே குறுக்கம் நம்மைப் பற்றிய நூலையும் பூட்டி வைத்தது. ஆயினும், அந்த ஊரார் ஏடுகளை எரிக்கவில்லை, காத்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து சென்ற தமிழ் ஓலைச்சுவடிகளும் மடல்களும் இன்றும் பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. செருமானியக் கீழ்த்திசைக் கழகத்தின் பெருநூலகமும் அவ்வூரில்தான் இருக்கிறது.

அன்பர்களே, இத்தனையும் சொன்னது அவர்களுக்குப் பாராட்டுப் பா படிப்பதற்காகவா? அன்று. நம் முகத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும், அதற்காகவே சொன்னேன்.

இந்த மண் அறிவுக்குப் புதியதா? நம் கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகட்கு முன் இங்கே இரும்பை உருக்கியவர் இருந்தனர். உலை, துருத்தி, குறடு, சம்மட்டி, பட்டறை, வார்ப்பு, கடைசல் எல்லாம் தமிழில் வழங்கும் சொற்கள். அந்த மாவட்டத்தில் இன்று எந்திரத்தின் முன் நிற்கும் இளைஞன், தன் கையிலுள்ள கருவிக்குத் தமிழில் பெயருண்டா என்று கேட்கிறான்!

முயன்றவர் இல்லாமலில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராசகோபாலாச்சாரியாரை நாம் எளிதில் மன்னிப்பதில்லை. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அதே மனிதர் 1916-இல் சேலத்தில் நண்பரோடு சேர்ந்து அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் காண ஒரு சங்கம் அமைத்து இதழும் நடத்தினார். வேதியியலைத் திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல் தமிழில் எழுதியும் காட்டினார். மாற்றார் செய்த நன்மையை மறைப்பது தமிழ்ப்பண்பு ஆகாது.

கடல் கடந்து யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் வேதியியலும் மருத்துவமும் தமிழ் நூல்களாயின. தமிழில் படித்த மருத்துவர்கள் ஊர்களுக்குச் சென்று நோய் தீர்த்தனர். மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று இன்று கேட்பவர், முன்னரே நடந்ததொன்றை நடக்குமா என்று கேட்கின்றார்.

நம் அரசும் 2010-இல் தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தந்து சட்டம் செய்தது. அவ்வாண்டே அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கின. கதவைத் திறந்தார்கள். ஆனால், வோல்பைப் போல் நூல்களை எழுதிக் குவித்தோமா? படித்து வெளிவருபவனைத் தனியார் தொழிலகம் ஏற்க வழி கண்டோமா? கதவைத் திறந்துவிட்டு உள்ளே விளக்கேற்றாமல் விட்டால், வருகிறவன் தடுக்கித்தான் விழுவான்.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். ஓசூரை அடுத்த சிற்றூரில் மலர்த்தோட்டத்தில் கூலிக்குச் சென்ற பெற்றோரின் மகன். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். இயற்பியலில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். நான்காம் திங்களில் பெட்டியோடு என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். "ஐயா, கணக்குப் புரிகிறது; பாடமும் புரிகிறது. அவர்கள் சொல்கின்ற சொல்தான் புரியவில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்" என்றான். படிப்பை விட்டுவிட்டுத் தொழிலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தான். இன்று, புதிதாக வரும் இளைஞர்க்குக் கடைசல் வேலையையும் அளவெடுக்கும் முறையையும் அவன்தான் தமிழில் விளக்குகிறான். பொறியாளராகப் பட்டம் பெற்று வந்தோரும் அவனிடம் ஐயம் கேட்கிறார்கள் என்று அவன் தோழர்கள் சொல்கிறார்கள். அவனிடம் அறிவுக் குறையா இருந்தது? அவன் அறிவுக்கும் நூலுக்கும் இடையில் ஒரு பாலம் இல்லை. அந்தப் பாலத்தைக் கட்ட வேண்டியவர் யார்? நாம்தாம். கட்டினோமா?

பிறரைக் குறை சொல்லுமுன் என் குறையைச் சொல்கிறேன். மேடைதோறும் தமிழ்வழிக் கல்விக்காக முழங்கிய நான், என் மகளை ஆங்கிலவழிப் பள்ளியில்தான் சேர்த்தேன். ஊரார் பிள்ளைக்குத் தமிழ். என் பிள்ளைக்கு ஆங்கிலம். அஞ்சினேன், அதுதான் உண்மை. இன்று என் பள்ளியில் தமிழ்வழிப் பிரிவின் விசிப்பலகைகள் ஆண்டுதோறும் வெறுமையாகின்றன. "ஐயா, உங்கள் மகள் எங்கே படித்தாள்?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. தொமாசியசு ஊரை இழக்கத் துணிந்தார். நான் ஊரார் ஏச்சுக்கே அஞ்சினேன். அவருக்கும் எனக்கும் உள்ள இடைவெளி அதுதான். இங்கே வீற்றிருக்கும் பெரியோரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழக்கம் போதும், வேலை செய்வோம். மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சொல். தொழிலாளத் தோழர்களே, உங்கள் பட்டறையில் வழங்கும் ஒவ்வொரு கருவிக்கும் உறுப்புக்கும், உங்கள் வாயில் இயல்பாக வரும் தமிழ்ச் சொல்லை ஒரு சுவடியில் எழுதுங்கள். பக்கத்தில் அயற்சொல்லையும் எழுதுங்கள். வோல்பின் பட்டியல் அப்படித்தான் அமைந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு இருபது சொல்லோடு வாருங்கள். நாங்கள் புலவர்கள் வீட்டுக்குள் அமர்ந்து செய்த சொற்கள் பல உங்கள் பட்டறையில் நிற்கவில்லை. சீகன்பால்கு மணலில் அமர்ந்ததுபோல், நாங்கள் உங்கள் பட்டறையில் அமர்ந்து கற்கிறோம்.

இரண்டாவது, பாடம். நம்மிடையே பொறியாளர் இருக்கின்றனர். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் போதும். தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு, முதலாண்டுப் பாடத்தைத் தமிழில் விளக்கி ஆங்கிலச் சொல்லையும் உடன் காட்டுங்கள். இன்னொரு பிள்ளை பெட்டியோடு திரும்பி வரலாகாது. தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் வீட்டுப் பிள்ளைகளையும் அன்போடு அழைத்துக்கொள்ளுங்கள். தாய்மொழியின் அருமை தெரிந்தவன் பிறர் தாய்மொழியை இகழான்.

மூன்றாவது, பிள்ளைகள். இது கடினம். என் பெயர்த்திக்கு வரும் ஆண்டு பள்ளி செல்லும் அகவை. மகளோடும் மருமகனோடும் பேசினேன். நான் பணியாற்றும் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவில் அவளைச் சேர்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். என் மகள் கேட்டாள்: "அப்பா, எனக்குச் செய்யாததை இவளுக்குச் செய்கிறீர்களே, உறுதியாக நிற்பீர்களா?" நிற்பேன் என்று அவளிடம் சொன்னேன், இன்று உங்கள் அனைவர் முன்னும் சொல்கிறேன். நான் தவறினால் இதே மேடையில் என்னைக் கேளுங்கள்.

உப்புக் காய்ச்சிய ஊரில், தாய்மொழியில் ஓர் அறிவிப்பு எழுதிய ஆசிரியருக்கு இடம் கிடைத்தது. உலகம் மதிக்கும் பல்கலைக்கழகம் எழுந்தது. இரும்பு உருக்கிய இம்மண்ணில் அது நடவாதா? நடக்கும். அடுத்த திங்கள் இருபது சொல்லோடு வாருங்கள், சுவடியோடு காத்திருப்பேன்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்வழிக் கல்வி!